யாரும் விதைக்காத கீரை

ஐப்பசியில் இரண்டு மழை சேர்ந்தாற்போல் பெய்துவிட்டால், கரிசல் காட்டில் ஒரு வாரத்துக்குள் பச்சை பிடித்துவிடும். உழுது விதைத்தது ஒரு பக்கம் முளைக்கும். யாரும் விதைக்காதது மறுபக்கம் முளைக்கும். வரப்போரத்தில் சாரணையும் மூக்கிரட்டையும் தரையோடு படரும். சோளத்துக்கும் பருத்திக்கும் இடையே தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் எட்டிப்பார்க்கும். எருக்குழியின் ஓரத்தில் குப்பைக்கீரை யாரையும் கேளாமல் தழைக்கும். உழவர் இவற்றையெல்லாம் களை என்பார். அவர் வீட்டுப் பெண்மணி கீரை என்பார். ஒரே செடிக்கு ஒரே வீட்டில் இரண்டு பெயர்.

இந்தக் கீரைகளை அறியாதவர்கள் இன்று நம் வாசகரிடையே மிகுந்திருக்கலாம் என்பதால், சமைக்கும் முறையையும் சிறிது சொல்லிவிடுகிறோம். மழைக்காலத்துக் காட்டுக்கீரையைத் தனித்தனியே சமைப்பது குறைவு. நான்கைந்து வகையைக் கலந்தே அடுப்பில் ஏற்றுவார்கள். ஒன்றின் கசப்பை மற்றொன்றின் குழைவு ஆற்றிவிடும். பருப்புக்கீரையில் இயல்பாகவே சற்றுப் புளிப்பு உண்டு. கொழுந்தை மட்டும் நகத்தால் கிள்ளி எடுக்க வேண்டும். முற்றிய சாரணை வயிற்றுக்கு ஆகாது என்று ஒதுக்கிவிடுவார்கள். மண் போக மூன்று முறை அலசி, மண்சட்டியில் கையளவு நீர் விட்டு, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகாய், சீரகம், சுண்டைக்காயளவு புளி சேர்த்து, சட்டியை மூடாமல் வேகவிட்டு, கல்லுப்புப் போட்டு மத்தால் கடைந்தால் போதும். குதிரைவாலிச் சோற்றுக்கோ கேழ்வரகுக் களிக்கோ இதைவிடப் பொருத்தமான துணை நாம் அறிந்தவரையில் இல்லை. மீன்வகைகளைப் பற்றிப் பேசும்போது மருத்துவர்கள் பெரிதும் போற்றுகிற ஒமேகா-3 கொழுப்பின் ஒரு வகை, பச்சையிலைக் கீரைகளுள் தரையில் மிதிபடும் இந்தப் பருப்புக்கீரையில்தான் மிகுதி என்று ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். நம் பாட்டிமார் அதை அறியார். அவர்கள் அறிந்தது, அது காசு கேட்காது என்பது ஒன்றே.

நாம் எழுத முற்பட்டது சமையற்குறிப்பு அன்று. 2015ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நிகழ்ந்த ஒன்றைப் பற்றியே இந்தக் கட்டுரை.

அப்போது நாம் ஒரு கரிசல் ஊரில் பங்குத்தந்தையாக இருந்தோம். ஆலயத்தை ஒட்டி மூன்று ஏக்கர் தரிசு நிலம் இருந்தது. கோயில் நிலம் என்பார்கள். அவ்வாண்டு மழை தாராளமாகப் பெய்ததால், நிலம் முழுவதும் இடுப்பளவுக்குச் செடி மண்டிவிட்டது. கிறிஸ்து அரசர் பெருவிழாவன்று நற்கருணைப் பவனி அந்த நிலத்தின் ஓரமாகத்தான் செல்ல வேண்டும். பாம்பு பூச்சி இருக்கும் என்று மக்கள் அஞ்சினர். வழக்கமாக எட்டுப் பத்துப் பெண்களைக் கூலிக்கு அமர்த்திக் களையெடுப்போம். அவ்வாண்டு பங்குப் பேரவையில் ஒருவர், “களைக்கொல்லி அடித்துவிட்டால் ஒரே ஆளோடு, அரை நாளோடு முடியும்” என்றார். கணக்குப் பார்த்தோம், பாதிச் செலவுகூட ஆகாது என்று தெரிந்தது. இசைந்தோம். பொது இல்லமாகிய இப்பூமியைப் பேணுவது குறித்துத் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய சுற்றுமடல் அதே ஆண்டு ஜூன் மாதம்தான் வெளிவந்திருந்தது. அதைப் பற்றி இரண்டு ஞாயிறுகள் தொடர்ந்து மறையுரை ஆற்றியவர் நாமே. மறையுரைக்கும் அந்தத் தீர்மானத்துக்கும் இடையே ஏதோ ஒரு தொடர்பு இருக்கக்கூடும் என்று நமக்கு அன்று தோன்றவே இல்லை.

மருந்து அடித்த மறுநாள் காலையில், அறைவீட்டின் பின்வாசலில் ஒரு கைம்பெண் பாட்டி வந்து நின்றார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மழைக்காலம் தொடங்கினால் வாரம் ஒருமுறை கோயில் நிலத்தில் கீரை பறித்து, அதில் ஒரு பிடியைச் சமையற்கட்டில் கொடுத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். அது காணிக்கையா, நன்றியா, வாடகையா என்று நாம் கேட்டதில்லை. அன்றும் மடியிலிருந்து ஒரு பிடி எடுத்து வைத்தார். செடிகள் இன்னும் வாடத் தொடங்கவில்லை. களைக்கொல்லி உடனே வாட்டுவதில்லை. இலை வழியே உட்புகுந்து வேருக்கு இறங்கச் சில நாள் ஆகும். ஆகவே அந்தக் கீரை பார்க்க முன்னைப்போலவே கொழுந்தாக இருந்தது.

எங்கே பறித்தீர்கள் என்று கேட்டோம். “கோயில் நெலத்துலதான் சாமி. இந்த வருசம் மாதிரி கொழுந்து என்னிக்கும் பாத்ததில்ல” என்றார்.

நாம் பதறிப்போய்ச் செய்தியைச் சொன்னோம். வீட்டில் எதையும் அடுப்பில் ஏற்றிவிட்டாரா என்று கேட்டோம். நல்லவேளையாக, இன்னும் ஆயவே இல்லை என்றார். மடியிலிருந்ததை அங்கேயே உதறச் சொன்னோம். உதறினார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் செய்தோம். கழுவிவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே, கோபம் சிறிதும் இல்லாத குரலில் கேட்டார்: “யாரும் வெதைக்காத கீரை சாமி. அதைச் சாகடிக்கவா காசு குடுத்து மருந்து வாங்குனீக?”

நமக்கு விடை தெரியவில்லை. பெருவிழா நன்றாக நடந்தது. நிலம் மஞ்சள் பூத்துக் காய்ந்து கிடந்தது. பாட்டிக்கும் அவரைப் போன்ற சிலருக்கும் அந்த ஆண்டின் மழைக்காலக் கறி அதோடு முடிந்தது. களையெடுக்க வந்திருக்க வேண்டிய பெண்களுக்குக் கூலியும் போயிற்று; மாலையில் மடி நிறையக் கொண்டுபோகும் கீரையும் போயிற்று.

அறிவிப்புச் செய்யாமல் நஞ்சு தெளித்தது தவறு என்பதில் ஐயமில்லை. அதற்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. நம்மை நெடுநாள் அலைக்கழித்தது வேறு கேள்வி. சரியாக அறிவித்துவிட்டே தெளித்திருந்தால்? அப்போது நாம் யாருக்கேனும் உரியதைப் பறித்தவர்கள் ஆவோமா? நிலம் கோயிலுடையது. நாம் அதன் நிர்வாகி. பாட்டிக்கு அதில் பட்டாவும் இல்லை, குத்தகையும் இல்லை. அவர் விதைக்கவில்லை, நீர் பாய்ச்சவில்லை. நாமும்தான் விதைக்கவில்லை. யாரும் விதைக்காதது யாருக்கு உரியது?

குருமடத்தில் தூய தோமா அக்குவினாவின் இறையியல் தொகுப்பைப் படித்த நாள்களில், களவு பற்றிய பகுதியில் கடற்கரையில் கிடக்கும் மணிகளைப் பற்றிய ஒரு குறிப்பைக் கண்டது நினைவுக்கு வந்தது. எவர் உடைமையாகவும் ஒருபோதும் இராதவை, கண்டெடுப்பவருக்கே உரியவை என்பது அவர் கருத்து. ஆனால் கடற்கரைக்கு உரிமையாளர் இல்லை. கோயில் நிலத்துக்கு உண்டு. கடும் தேவையில் இருப்பவர் பிறர் பொருளை எடுப்பது களவாகாது என்றும் அதே பகுதியில் அவர் கூறுகிறார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டின் 69ஆம் எண்ணில் அதை வழிமொழிந்தது. ஆயினும் நம் பாட்டி பட்டினி கிடந்தவர் அல்லர். நியாயவிலைக் கடை அரிசி அவருக்கு உண்டு. கடும் தேவை என்னும் வாசல் வழியாக அவரை உள்ளே அழைத்துவந்தால், அவரை நாம் இருப்பதைவிட ஏழையாக்குகிறோம். அது அவருக்குச் செய்யும் மரியாதை அன்று.

பழைய ஏற்பாட்டுச் சட்டம் இதைவிடத் தெளிவாகப் பேசுவதைப் பின்னரே கண்டோம். வயலின் ஓரக் கதிரை அறுக்காமல் விட வேண்டும், சிந்தியதைப் பொறுக்கக் கூடாது என்ற லேவியர் நூலின் கட்டளையை எல்லாரும் அறிவர். ரூத்து போவாசின் வயலுக்கு வந்தது அந்த உரிமையில்தான். ஆனால் அது விதைத்த வயலைப் பற்றியது. விதைக்காததைப் பற்றி அதே நூலின் 25ஆம் அதிகாரம் பேசுகிறது. ஏழாம் ஆண்டு நிலம் ஓய்ந்திருக்க வேண்டும். அவ்வாண்டு தானாக விளைவதை உரிமையாளர், உரிமையாளர் என்ற முறையில் அறுவடை செய்யக் கூடாது. அவர், அவருடைய பணியாளர், கூலியாள், வேற்றினத்தார், வளர்ப்பு விலங்கு, காட்டு விலங்கு ஆகிய எல்லாருக்கும் அது உணவு. உரிமையாளரை அந்தச் சட்டம் பந்தியிலிருந்து எழுப்பிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவரும் உண்ணலாம், ஆனால் கூலியாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உண்ண வேண்டும். மனிதன் உழைக்காத இடத்தில் விளைந்ததை மனிதன் தன் உழைப்பின் பெயரால் உரிமை கொண்டாட முடியாது என்பதே அதன் அடிப்படை என்று கொள்கிறோம். தரிசாகக் கிடந்த நம் மூன்று ஏக்கரும் அவ்வாறு ஓய்ந்திருந்த நிலந்தான். நாமாக ஓய்வு கொடுக்கவில்லை, அவ்வளவே.

இணைச்சட்ட நூல் இன்னும் ஒரு படி நுட்பமாகச் செல்கிறது. அடுத்தவர் திராட்சைத் தோட்டத்தில் வயிறு நிறைய உண்ணலாம், கூடையில் போட்டுக்கொள்ளக் கூடாது. அடுத்தவர் வயலில் கையால் கதிர் கொய்யலாம், அரிவாள் வைக்கக் கூடாது. இயேசுவின் சீடர்கள் ஓய்வுநாளில் கதிர் கொய்தபோது பரிசேயர் எழுப்பிய குற்றச்சாட்டு ஓய்வுநாளைப் பற்றியதே. களவு என்று அவர்கள்கூடச் சொல்லவில்லை. கைக்கும் அரிவாளுக்கும் இடையே சட்டம் இட்ட கோட்டை எல்லாரும் அறிந்திருந்தார்கள்.

அந்தக் கோடு எவ்வளவு தேவையானது என்பதை இரண்டு ஆண்டுகள் கழித்து நேரில் பார்த்தோம். நகரத்திலிருந்து ஒருவர் சிறு வேனில் வந்தார். கிலோவுக்கு இவ்வளவு என்று பேசி, ஊர்ச் சிறுவர் நால்வரை அமர்த்தினார். வேலியில் படர்ந்த பிரண்டையும் முடக்கத்தானும் தூதுவளையும் சாக்குச் சாக்காக ஏறின. வேருக்கு மருந்துக்கடையில் விலையுண்டு என்பதால் மூக்கிரட்டையை வேரோடு பிடுங்கினார்கள். அவரும் பாட்டியைப் போலவே விதைக்காததை எடுத்தவர்தான். ஆனால் அவர் வந்துபோன பின் வேலி மொட்டையாக நின்றது. பாட்டி பறித்த இடத்தில் மறுவாரமே பக்கக்கிளை வெடித்திருக்கும். யாருக்கும் சொந்தமல்லாதது எல்லாருக்கும் சொந்தம் என்ற வாதத்தை அந்த வேன்காரரும் நம்மிடம் எடுத்துரைத்தார். நம்மைவிட நன்றாகவே பேசினார். நாம் இணைச்சட்ட நூலைப் பற்றிச் சொல்லவில்லை. வேனைத் திருப்பிக்கொண்டு போகச் சொன்னோம். சரியாகச் செய்தோமா என்பதில் இன்னும் சிறு உறுத்தல் உண்டு. அந்த நான்கு சிறுவரின் அன்றைய கூலியும் அந்த வேனோடு போயிற்று.

உழவரைப் பற்றியும் ஒரு சொல். களைக்கொல்லி அடிக்கும் இரண்டு ஏக்கர் சம்சாரியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நமக்கு மனமில்லை. களையெடுக்க ஆள் கிடைக்காத நாளில், கிடைத்தாலும் கூலி கட்டாத விலையில், அவர் என்ன செய்வார்? அவர் பயிரைக் காப்பாற்ற அடிக்கிறார். நாமோ பவனிப் பாதை அழகாக இருக்க அடித்தோம். இரண்டும் ஒன்றல்ல. ஆண்டவரின் களை உவமையை நமக்குச் சாதகமாக இழுக்கவும் இயலாது. அதில் வருவது கோதுமையைப் போலவே தோற்றமளித்துத் தீங்கு செய்யும் ஒரு புல் என்பர் விளக்கவுரையாளர். அந்தக் களையைப் பாட்டியும் பறித்திருக்கமாட்டார்.

இதில் வெட்கம் பற்றிய ஒரு பக்கமும் உண்டு. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் பாணர் வீட்டு அடுக்களை ஒன்றைக் காட்டுகிறார். பசியால் மெலிந்த பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பின்றி வேகவைக்கிறாள். அறியாதவர் பார்த்துவிடுவார்களே என்று நாணி வாசற்கதவை அடைத்துவிட்டு, சுற்றத்தோடு அதை உண்கிறாள். குமணனிடம் பரிசில் வேண்டிய பெருஞ்சித்திரனாரும் தம் வீட்டைப் பற்றி இதையொத்த ஒன்றைப் புறநானூற்றில் கூறுகிறார். பறித்த இடத்திலேயே மீண்டும் துளிர்த்த குப்பைக்கீரையை உப்பும் மோரும் இல்லாமல் உண்கிற அவர் மனைவி, அறத்தைப் பழிக்கிறாள். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தச் சட்டியில் வெந்த கீரை இன்றும் அதே பெயரில் நம் எருக்குழியில் முளைக்கிறது. தாது வருடப் பஞ்சம் என்று வழங்கும் 1876–78 பஞ்சத்தில் இலையும் கிழங்கும் தின்று உயிர் பிழைத்தவர்களின் நினைவும் இந்தக் கீரைகளோடு ஒட்டிக்கொண்டது. காட்டுக்கீரை என்றாலே இல்லாமையின் அடையாளம் என்றாயிற்று.

நீதிமானாகிய யோபுகூட இந்த வெட்கத்தைப் பிறர்மேல் ஏற்றியவர்தான். அவருடைய நூலின் 30ஆம் அதிகாரத்தில், தம்மை இப்போது எள்ளி நகையாடுவோரைப் பற்றிச் சொல்லும்போது, அவர்கள் புதர்களின் நடுவே உப்புக்கீரை பறித்துத் தின்பவர்கள் என்று இகழ்ச்சியாகவே பேசுகிறார். எல்லாம் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கும், கீரை பறிப்பவரைவிடத் தாம் உயர்ந்தவர் என்ற எண்ணம் மட்டும் இழக்கப்படாமல் மிஞ்சியிருக்கிறது. குருமடத்தில் நாம் யோபு நூலை முழுதாகப் படித்தவர்கள். இந்த வரியில் நின்றதே இல்லை. கோயில் நிலத்தைத் துப்புரவாக்க நாம் விரும்பியதிலும் பெருவிழாவுக்கு வரும் விருந்தினர் முன்னிலையில் மடியேந்திக் கீரை பறிக்கும் கிழவிகள் தென்படக் கூடாது என்ற எண்ணம் எங்கோ ஒரு மூலையில் இருந்ததோ என்று பின்னர் நம்மையே கேட்டுக்கொண்டோம். இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இன்று அந்தக் கதவு வேறு விதமாகத் திறந்திருக்கிறது. முடக்கத்தான் தோசையும் தூதுவளைச் சூப்பும் நகரத்து உணவகங்களில் விலைப்பட்டியலில் இடம்பெறுகின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் வெட்கம் நீங்கியது கீரைக்கு மட்டுமே. பறிப்பவருக்கு நீங்கியதாகத் தெரியவில்லை.

புதிதாக ஆர்வம் கொண்டு தாமே பறிக்கப் புறப்படுவோருக்கு ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். அரசர்கள் இரண்டாம் நூலின் நான்காம் அதிகாரத்தில் பஞ்ச காலத்தில் கில்காலில் எலிசாவின் சீடருக்குக் கூழ் காய்ச்சுகிறார்கள். கீரை பறிக்கப் போன ஒருவர் இன்னதென்று அறியாத காட்டுக்கொடியின் காய்களை மடி நிறையக் கொண்டுவந்து அரிந்து போட்டுவிடுகிறார். வாயில் வைத்தவர்கள், பானையில் சாவு இருக்கிறது என்று அலறினார்கள். எலிசா மாவைத் தூவிக் குணமாக்கினார். நம் அடுக்களையில் எலிசா இல்லை. நம் தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கை வேறேதோ உண்ணும் கிழங்கென்று எண்ணி வேகவைத்து உயிரிழந்தவர்கள் உண்டு. அதிலுள்ள நஞ்சு வேகவைத்தாலும் போவதில்லை. பருப்புக்கீரையைப் போலவே தரையில் படரும் அம்மான் பச்சரிசி இனத்துச் செடியும் உண்டு. தண்டைக் கிள்ளினால் அதில் வெண்பால் கசியும்; பருப்புக்கீரையில் நீர்தான் கசியும். பிரண்டையைக் கையில் எண்ணெய் தடவாமல் நறுக்கினால் அரிப்பு எடுக்கும். நார் உரித்து, வதக்கி, புளி சேர்க்காமல் துவையல் அரைத்தால் தொண்டையும் அரிக்கும். சாக்கடையோரத்துக் கீரையையும் மருந்து அடித்த வயலோரத்துக் கீரையையும் எவ்வளவு கொழுந்தாக இருந்தாலும் தொடலாகாது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே இவற்றை உண்பது நல்லது. இந்த அறிவை நூலில் படித்துப் பெறுவது கடினம். அறிந்த ஒருவரோடு நடந்து, கையில் எடுத்து, முகர்ந்து, கிள்ளிப் பார்த்தே பெற வேண்டும்.

நாமும் அப்படித்தான் கற்றோம். மறு ஆண்டு மழை பொய்த்தது. அதற்கடுத்த ஆண்டின் கார்த்திகையில் அதே பாட்டியை அழைத்துக்கொண்டு, மறைக்கல்வி வகுப்புச் சிறுவர் பன்னிரண்டு பேருடன் கோயில் நிலத்தைச் சுற்றினோம். அவர் முதலில் வர மறுத்தார். “நான் என்ன வாத்தியாரா சாமி?” என்றார். வந்தபின், ஒவ்வொரு செடியின் பெயரையும் சொன்னதோடு, எதை எந்த மாதத்தோடு நிறுத்த வேண்டும் என்பதையும் சொன்னார். சிறுவரில் ஒருவன் வேரோடு பிடுங்கியபோது மட்டும் குரலை உயர்த்தினார். அன்று அவர் சொன்ன பெயர்களில் பதினேழை நாம் குறித்துக்கொண்டோம். சிலவற்றை இன்று செடியைப் பார்த்தால் அடையாளம் காண முடியும். மற்றவை வெறும் பெயராக நம் குறிப்பேட்டில் இருக்கின்றன.

நிலத்தைச் சுற்றிச் சுவர் எழுப்ப வேண்டும் என்ற தீர்மானமும் பேரவையில் வந்தது. ஆக்கிரமிப்பு அச்சம் உண்மையானது. அதை நாம் மறுக்கவில்லை. சுவர் எழும்பியது. வடக்குப் பக்கம், ஊர்க்கிணற்றுக்குப் போகும் பாதையில், ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வாயில் ஒன்றை விடச் செய்தோம். அதற்குக் கதவு போடலாமா என்ற பேச்சு எழுந்தபோது, இரும்பு விலை ஏறியிருக்கிறது என்று காரணம் சொல்லித் தள்ளிப்போட்டோம். உண்மைக் காரணத்தைச் சொல்லியிருக்கலாம், துணிவு வரவில்லை. களைக்கொல்லி அதன்பின் நாம் இருந்தவரையில் வாங்கப்படவில்லை. பவனிப் பாதையை மட்டும் பெண்கள் வந்து செதுக்கிவிட்டுப் போனார்கள்.

2019இல் நாம் வேறு பங்குக்கு மாற்றப்பட்டோம். பாட்டி அதற்கு முந்தைய கோடையில் இறைவனடி சேர்ந்திருந்தார். சென்ற மழைக்காலத்தில் ஓர் அடக்கத் திருப்பலிக்காக அவ்வூருக்குப் போனபோது வடக்கு வாயிலைப் பார்த்தோம். கதவு போட்டிருந்தார்கள். சாத்தியிருந்தது, பூட்டு இல்லை. உள்ளே இரண்டு பெண்கள் குனிந்து நின்றார்கள். அடக்கத்துக்கு நேரமாகிவிட்டதால் என்ன பறிக்கிறார்கள் என்று நின்று பார்க்க முடியவில்லை.